அவசர ஊர்தி வருகிறது, வழிவிடவும்

ஒரே ஒரு ஊராம், அந்த ஊருக்கு நாலே நாலு ரோடாம், நாலு ரோடும் வந்து முட்டிக்கொள்கிற இடத்தில் ஒற்றைக் காலில் ஒருத்தன் நின்றானாம், அவனுக்கு மூணு கண்ணாம், ஒரு கண்ணைத் திறந்தால் ஊரே நிற்குமாம், இன்னொரு கண்ணைத் திறந்தால் ஊரே ஓடுமாம், நடுக்கண்ணை மட்டும் ஒருத்தரும் மதிக்க மாட்டார்களாம். உம் கொட்டணும். உம் கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும், மகள் சின்னவளாக இருந்தபோது அவள் உம் எப்போது நிற்கிறதோ அப்போது தூங்கிவிட்டாள் என்று அர்த்தம், கதையை அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டு எழுந்து வந்துவிடலாம். "உம் கொட்டுங்க சார். நான் பேசறதுக்கெல்லாம் உம் கொட்டிக்கிட்டே வரணும், தூங்கிடக் கூடாது" என்று கதைக்கு வெளியிலிருந்து ஒரு பெண் குரல் சொன்னது. அறவாழி உம் என்றார். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடியிருந்த பிளாஸ்டிக் கிண்ணத்தின் உள்பக்கம் அந்த உம் கொஞ்சம் ஈரமாகப் படிந்தது, அடுத்த மூச்சில் காணாமல் போயிற்று. அவ்வளவுதானா ஒரு உம். குரலுக்குச் சொந்தக்காரி ரோஸ்லின், நீலச் சட்டைப் பையின் மேல் பேர் தைத்திருந்தது, ஆம்புலன்ஸில் கூடவே உட்கார்ந்து வருகிற பெண், அவர் விரல் நுனியில் ஒரு கிளிப்பை மாட்டிவிட்டு அதில் ஓடுகிற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால்மாட்டில் அவர் மனைவி பூங்கோதை, அவருடைய செருப்பை மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அவர் பாதத்தைப் பிடித்திருந்தாள், பிடிக்காவிட்டால் பாதம் மட்டும் தனியாக எங்கேயாவது போய்விடும் என்பதுபோல. நெஞ்சின் மேல் யாரோ அரிசி மூட்டையை இறக்கிவைத்துவிட்டு எடுக்க மறந்து போயிருந்தார்கள்.

காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது இரண்டாவது பொத்தான் அகப்படவேயில்லை, விரல் தேடிக்கொண்டே இருந்தது, பிறகு விரலே அகப்படவில்லை, இடது கை முழுக்க யாருடையதோ ஆகிவிட்டது, நெற்றியில் வியர்வை. பூங்கோதை போனில் சொல்லிக்கொண்டிருந்தாள், "நெஞ்சு வலிங்க, ஹார்ட் அட்டாக் மாதிரிதான் தெரியுது", நாற்காலியிலிருந்து அவர், "மாரடைப்பு" என்றார். பூங்கோதை போனைக் கையால் பொத்திக்கொண்டு, "தமிழ்ல சொன்னாத்தான் அவங்க வருவாங்களா, வாய மூடிக்கிட்டுச் சாயுங்க" என்றாள். அவர் சாய்ந்தார். சாய்ந்ததிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிற மாதிரித்தான் இருக்கிறது, வண்டி முன்னால் போகிறதா, கீழே போகிறதா. ஜன்னல் கண்ணாடியில் பாதிக்கு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது, மேலே ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் தெளிவு, அந்த ஒரு சாணில் ஊரின் தலைகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன, பேனர்களில் இருக்கிறவர்களின் நெற்றி, மாடிக் கொடியில் ஒரு பச்சைத் துண்டு, ஒயர், ஒயர், ஒயரில் மாட்டிய பட்டம், ஒயர். கால் நூற்றாண்டு குடியிருந்த ஊர், அதற்கு இப்படி ஒரு மேல் பாதி இருப்பதே அவருக்குத் தெரியாது, கீழ் பாதி முழுக்கக் கடைகளின் பெயர்ப்பலகை, அதில் ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்தபடியேதான் இத்தனை வருஷமும் நடந்திருக்கிறார். சைரன் எங்கோ தலைக்குப் பின்னால் சுற்றிச் சுற்றிக் கத்தியது. சங்கொலி. நகராட்சித் தாளில் அவர்தான் அப்படி எழுதினார், சைரனுக்குச் சங்கொலி, மில்லில் ஷிப்டு மாறும்போது ஊதுவார்களே அதுவும் சங்குதானே என்று நியாயம் சொன்னார், பக்கத்து மேசைக்காரர் மட்டும், "வேற எடத்திலயும் சங்கு ஊதுவாங்க சார்" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். எந்தச் சங்கு இது. "சார், உம்." உம்.

இதெல்லாம் தண்ணித்தொட்டி சிக்னலுக்குப் புதுக் கருவி வந்தபோது நடந்தது. ஊர் பெருத்துப்போய், நாலு பக்கமும் அடுக்குமாடிகள் வந்து, ஆம்புலன்ஸ் அந்தச் சந்திப்பில் மாட்டினால் மாட்டியதுதான் என்று ஆனபிறகு நகராட்சி ஒரு வழி செய்தது. ஆம்புலன்ஸின் தலையில் ஒரு சின்னப் பெட்டி, சிக்னல் கம்பத்தில் அதைப் பார்க்கிற ஒரு கண், பெட்டி பக்கத்தில் வந்ததும் கண் அதைத் தெரிந்துகொண்டு அந்தப் பக்கத்துக்குப் பச்சை, மற்ற மூணு பக்கத்துக்கும் சிவப்பு. ஆனால் பச்சை விழுந்தாலும் முன்னால் நிற்கிறவன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றால் என்ன செய்வது, அதற்குத்தான் கம்பத்தில் ஒரு ஒலிபெருக்கி. அது என்ன சொல்ல வேண்டும் என்று கருவியைக் கொண்டுவந்த கம்பெனிப் பையன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான், 'ஆம்புலன்ஸ் வருது, முன்னாடி இருக்கறவங்க நகருங்க'. தாள் அறவாழியிடம் வந்தது. நகராட்சியில் எந்தத் தாளானாலும் தமிழ்ப் பிரிவுக்கு வந்துதான் போக வேண்டும், அந்தப் பிரிவில் அவர் ஒருவர்தான், கழிவுநீர் உந்து நிலையம் என்று பம்பிங் ஸ்டேஷன் வாசலில் எழுதியிருப்பது அவர் பிள்ளை, இன்னும் எத்தனையோ பிள்ளைகள் ஊரெங்கும் பலகைகளில் நிற்கிறார்கள். ஆம்புலன்ஸ் என்பதை அடித்தார். வருது என்பதையும் அடித்தார். அரசாங்கம் பேசும்போது மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டுதான் பேச வேண்டும் என்பது அவர் கட்சி. 'அவசர ஊர்தி வருகிறது, வழிவிடவும்.' பையன் படித்துப் பார்த்தான், "நல்லா இருக்கு சார், ஆனா யாரு சார் இப்படி சொல்லுவா" என்றான். "சொல்லச் சொல்லப் பழகும் தம்பி" என்றார் அறவாழி. பிறப்பு இறப்புப் பிரிவில் இருக்கிற குணவதிக்குத் தேன் மாதிரிக் குரல், அவளையே பேச வைத்தார்கள், ஒருமுறைக்கு இருமுறை அவரே பக்கத்தில் நின்று ஊர்தி என்பதில் ர் கேட்கவில்லை, ர் கேட்கவில்லை என்று சொல்லிக்கொடுத்தார். ர் நன்றாக விழுந்தது. ச வைப் பற்றி அவர் நினைக்கவேயில்லை. ஏன் நினைக்க வேண்டும், ச என்ன பாவம் செய்தது, ஆனால் ஏன் இப்போது ச நினைவுக்கு வருகிறது, வண்டி ஏன் நின்றுவிட்டது.

வண்டி நின்றுவிட்டிருந்தது. ஒயர்கள் ஓடவில்லை. ஒரு சாண் கண்ணாடியில் தண்ணித்தொட்டியின் வட்டமான விளிம்பு, அதன் கீழே சிக்னல் கம்பத்தின் தலை, அதில் பச்சை, முழுப் பச்சை, இளசாக, வாழையிலைக் குருத்துப்போல ஒரு பச்சை. பார்த்ததும் அவருக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது. கண் தெரிந்துகொண்டுவிட்டது, எனக்காகத் திறந்திருக்கிறான் மூணு கண்ணன், ஊர் ஓடப்போகிறது. ஊர் ஓடவில்லை. பக்கத்தில் ஒரு டவுன் பஸ் நின்றது, அதன் ஜன்னல்கள் சரியாக அந்த ஒரு சாணுக்கு வந்தன, ஜன்னலுக்கு ஒரு முகம், எல்லா முகமும் அவர் வண்டியையே பார்த்தன. ஒரு பெண் இரண்டு விரலால் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இருந்த ஆள் கை கூப்பினார். முன்னால் உயரமாக நின்ற தண்ணீர் லாரியின் பின்பக்கத்தில் ஏறி நின்றிருந்தவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைகிற சத்தம் கேட்டது, மழை விடுகிற மாதிரி. என்ன மரியாதை, எதற்கு இவ்வளவு மரியாதை என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கம்பத்திலிருந்து ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த குணவதியின் குரல் அவர் காதுக்கு வந்து சேர்ந்தது. அவருக்கு வாசகம் மனப்பாடம், அதனால் முதல் தடவை அவர் எழுதியதுதான் அவர் காதில் விழுந்தது. இரண்டாம் தடவை பின்னால் எவனோ விட்ட ஹாரனுக்கும் ஒலிபெருக்கியின் கரகரப்புக்கும் நடுவே ச நசுங்கிப்போய், எஞ்சியது ஊர்க் காதுக்குப் பழகின வேறு சொல்லாக வந்தது. அமரர் ஊர்தி வருகிறது, வழிவிடவும். மூன்றாம் தடவை அதில் சந்தேகமே இல்லை. அமரர் ஊர்தி. தேன் மாதிரிக் குரலில், பிறப்பு இறப்புப் பிரிவிலிருந்து, ர் எல்லாம் சுத்தமாக.

"யாருங்க செத்துட்டாங்க" என்று பூங்கோதை வெளியே எட்டிப் பார்த்தாள். "நம்ம வண்டியத்தாம்மா சொல்லுது" என்றாள் ரோஸ்லின், கிளிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "இந்தச் சிக்னல்ல எப்பவும் இதே ரோதனதான். பொணம் போற வண்டில அமரர் ஊர்தின்னு எழுதியிருக்குல்ல, அதத் தெனம் பாக்கறாங்க, அவசர ஊர்தின்னு எவன் கேட்டிருக்கான். எல்லாம் அப்படியே நின்னுடுவாங்க. பொணத்துக்கு முன்னாடி யாரும் போக மாட்டாங்கல்ல. எவன்தான் எழுதிக் குடுத்தானோ." ஆமாம், முன்னால் போகிறவன் கொள்ளிச்சட்டிக்காரன் ஒருவன்தான், வேறு யார் போவார்கள், லாரிக்காரன் போவானா, பள்ளிக்கூட வேன்காரன் போவானா, வழி என்றால் ஒதுங்கி நின்று விடுகிற வழிதான் பிணத்துக்கு, ஓடிக் கொடுக்கிற வழி இல்லை. வழிவிடவும் என்று எழுதினேன், நகருங்க என்று அந்தக் கம்பெனிப் பையன் எழுதியிருந்தான், நகருங்க என்பதில் கால் இருக்கிறது, வழிவிடவும் என்பதில் வெறும் கும்பிடுதான் இருக்கிறது. ஒரு எழுத்து, ஒரே ஒரு ச. அல்லது ச வெல்லாம் ஒன்றும் நசுங்கவில்லையோ, குணவதி சரியாகத்தான் சொல்கிறாளோ, அவளுக்குத் தெரியாதா, அவள் கையெழுத்துப் போட்டால்தானே ஊரில் ஒருத்தன் இறந்ததாகவே கணக்கு. பஸ்ஸில் அத்தனை பேர் பொய்யாகவா கும்பிடுவார்கள். நெஞ்சின் மேல் இருந்த மூட்டையைக் காணோம், எப்போது இறக்கினார்கள், கை காலெல்லாம் பஞ்சு, வெளிச்சம் பால் மாதிரி இருக்கிறது, இப்படித்தான் இருக்குமோ, இவ்வளவு லேசாக, இவ்வளவு கூட்டத்துக்கு நடுவில். "சார், உம் கொட்டுங்க. சார்." உம் என்றார். கிண்ணத்தில் ஈரம் படிந்ததா என்று பார்த்தார், கண்ணுக்கு அவ்வளவு கிட்டத்தில் இருப்பது தெரியவில்லை. "சார்." இன்னொரு உம் என்றாரா, என்றதாக நினைத்தாரா. பூங்கோதை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவன் எழுதிக் கொடுத்தானோ என்று ரோஸ்லின் சொன்னதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். எழுதிய அன்று ராத்திரி சாப்பாட்டில் அவளிடம்தான் இரண்டு தடவை சொல்லிக்காட்டினார், எப்படி இருக்கிறது வாசகம் என்று, அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே ஜோராத்தான் இருக்கு என்றாள். அவள் சொல்லிவிடப் போகிறாள், இதோ இவர்தாம்மா அந்த ஆள் என்று. அவள் சொல்லவில்லை. அவர் கால் கட்டைவிரலைப் பிடித்து, நகக்கண் வெளுக்கிற மாதிரி, நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள்.

வலித்தது. கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார்கள், கிள்ள மாட்டார்கள். அந்த வலியைப் பிடித்துக்கொண்டு, கிணற்றுக் கயிற்றைப் பிடித்து ஏறுகிற மாதிரி, காலிலிருந்து முட்டிக்கும் முட்டியிலிருந்து இடுப்புக்கும் அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் உடம்புக்குள் வந்து சேர்ந்தபோது நெஞ்சின் மேல் மூட்டை அதே இடத்தில் அப்படியே இருந்தது, முன்னைவிடக் கனமாக. "ஏறிக்கிட்டே இருந்த நம்பர் எறங்குது டில்லி" என்றாள் ரோஸ்லின். வண்டி ஓட்டுகிறவன் டில்லி, அவன் பின்கழுத்து மட்டும் தெரிந்தது, வியர்வையில் பளபளத்தது. "எங்க போறது, முன்னாடி மூடி வச்ச மாதிரி நிக்கிறானுங்க" என்றான். ஒரு சாண் கண்ணாடியில் பச்சை இருந்தது, இருந்தது, பிறகு நடுக்கண் ஒரு நொடி எட்டிப் பார்த்தது, பிறகு சிவப்பு. அவ்வளவு நேரம்தான் அவன் காத்திருப்பான், மற்ற மூணு ரோட்டிலும் ஜனங்கள் இருக்கிறார்களே, பையன் அதையும் அன்றைக்கே விளக்கியிருந்தான், பச்சையைப் பயன்படுத்தாவிட்டால் கை விட்டுவிடும் சார். கை விட்டுவிட்டது. ஒரே ஒரு ஊராம். அந்த ஊருக்கு நாலே நாலு ரோடாம். கதை சுற்றிக்கொண்டு முதலுக்கே வந்தது, உம் கொட்ட ஆளில்லாமல். இந்தச் சிவப்பில்தான் போகப்போகிறேன், நானே எழுதிய வாசகத்தின் கீழே படுத்துக்கொண்டு, பலகை வைத்த மாதிரி. அப்போது டில்லி ஏதோ ஒன்றைக் கொக்கியிலிருந்து எடுத்தான், டக்கென்று ஒரு சத்தம், வண்டியின் தலையிலிருந்தே அவன் குரல் நாலு ரோட்டுக்கும் கேட்கிற மாதிரி வெடித்தது. "தண்ணி லாரி அண்ணே. அண்ணே, ஒன்னத்தான். இது ஆம்புலன்ஸு. உள்ள இருக்கறவரு உசுரோட இருக்காரு. கும்பிட்டது போதும், வண்டிய எடு. செகப்பப் பாக்காத, நான் சொல்றேன், எடு. ஸ்கூட்டி அக்கா, லாரி பின்னாடியே போயிடுங்க. பஸ்ஸு, கொஞ்சம் லெஃப்டு ஒடி. உசுரோட இருக்காருப்பா, இருக்காரு, நகருங்க." உசுரோட இருக்காரு என்று ஒரு ஆளைப் பற்றி இவ்வளவு சத்தமாக அவர் கேட்டதே இல்லை. அது தண்ணித்தொட்டியில் போய் மோதித் திரும்பி வந்தது, இருக்காரு, இருக்காரு. பஸ் ஜன்னலில் கும்பிட்ட ஆள் கையைப் பிரித்துக்கொண்டு அசடு வழிய பக்கத்து ஆளைப் பார்த்தார், கண்ணில் ஒற்றிய பெண் சிரித்துவிட்டாள். எஞ்சின்கள் மழை பிடிக்கிற மாதிரி ஒன்று, இரண்டு, எல்லாம். "எவனோ எழுதுவான், நாங்க தொண்டையக் கிழிச்சுக்கணும்" என்று டில்லி மைக்கை அணைக்காமலே முணுமுணுத்தது ஊர் முழுக்கக் கேட்டது. ஒயர்கள் ஓடத் தொடங்கின. பூங்கோதை கட்டைவிரலை விடவில்லை.

பிறகு ஒன்றுக்குப் பின் ஒன்றாக விளக்குகள், இவை சிக்னல் இல்லை, ஆஸ்பத்திரி கூரையில் இருக்கிற குழல் விளக்குகள், தலைக்கு மேல் வந்து வந்து பின்னால் போயின. யாரோ சட்டையைக் கத்தரித்தார்கள், அந்த இரண்டாவது பொத்தான் எங்கோ தெறித்து உருண்டது, ஊசி, நாக்குக்கு அடியில் ஒரு கசப்பு, நெஞ்சில் ஈரமான வட்டங்கள், ஒரு டாக்டர், சின்னப் பிள்ளை மாதிரி முகம், பூங்கோதையிடம் "நேரத்துக்குக் கொண்டாந்துட்டீங்க, இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா சொல்லிக்கிற மாதிரி இருந்திருக்காது" என்று சொல்வது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கிற மாதிரி கேட்டது. மூட்டையை யாரோ ஒரு பக்கமாகத் தூக்குகிறார்கள், ஒரு பக்கம் மட்டும், அதுவே போதும். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிவந்த ஆள் சுவரோரம் விட்டுவிட்டுப் போய்விட்டான். டாக்டர் திரும்பிப் பார்க்காமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பூங்கோதையைச் சீட்டுப் போடக் கூப்பிட்டார்கள், அவள் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள், ஒரு வார்த்தை சொல்லாமல். எல்லோரும் சொல்லிக்கொள்ளாமல் போகிறார்களே என்று அவருக்குத் திக்கென்றது. சாவு வீட்டில்தான் அப்படி, வந்தவர்கள் போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது, கும்பிடாமல், திரும்பிப் பார்க்காமல், சட்டென்று எழுந்து நடந்துவிட வேண்டும். அவர் எத்தனை சாவு வீட்டிலிருந்து அப்படி எழுந்து நடந்திருக்கிறார், நடக்கும்போது ஒரு தடவையாவது நடுவில் கிடத்தியிருக்கிறவன் என்ன நினைப்பான் என்று நினைத்ததுண்டா.

ரோஸ்லின் மட்டும் மறுபடி வந்தாள், விரலில் இருந்த கிளிப் அவள் வண்டியுடையது, அதைக் கழற்றிக்கொண்டு போக. அவர் கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டு, "மாத்திடறேம்மா" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "துணியா சார், அவங்களே மாத்துவாங்க, நீங்க அசையாதீங்க." "இல்ல. அந்த வாசகம். சிக்னல்ல." அவள் குனிந்திருந்தவள் அப்படியே நின்றாள். அவரை ஒரு தடவை உச்சியிலிருந்து கால் வரை பார்த்தாள். "நீங்களா சார் அது" என்றாள். அவர் உம் கொட்டினார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது, எதை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கிளிப்பை மடக்கி மடக்கி விரித்தாள். "டில்லி கிட்ட சொல்லிடாதீங்க, உங்கள அந்தச் சிக்னல்லயே எறக்கி விடாம வந்ததுக்கு வருத்தப்படுவான். ஆம்புலன்ஸுன்னே போடுங்க சார். அது தமிழோ என்னமோ, அதுக்கு நகருறாங்க." வெளியே டில்லி ஹாரன் அடித்தான், அடுத்த அழைப்பு வந்துவிட்டது. அவள் கிண்ணத்தை அவர் முகத்தில் சரியாக வைத்து, ரப்பரைக் காதுக்குப் பின்னால் இழுத்துவிட்டுத் திரும்பினாள். இவளும் சொல்லாமல் போகிறாள். "சொல்லிட்டுப் போம்மா" என்றார் அவர், ஈரம் படிந்து மறைந்தது. அவள் என்ன புரிந்துகொண்டாளோ, வாசல் வரை போனவள் நின்றாள். "வரேன்னு நாங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது சார்" என்றாள், "நாங்க மறுபடி வந்தா நல்லாவா இருக்கும்." பிறகு, எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணும் வாசற்படியில் நின்று சொல்லாத சொல்லை, அவருக்குக் கேட்கும்படி, மெதுவாக, "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.